அனுசுயா ஊரில் இல்லாத பதினைந்து நாள்

நல்லாங்குடிக்காட்டில் பஸ்ஸை நிறுத்தக் கை காட்ட வேண்டியதில்லை, அனுசுயா ஒரு குரல் கொடுத்தால் போதும். அந்தக் குரலைக் கேட்டபின் பிரேக்கில் கால் வைக்காமல் போன டிரைவர் குன்னம் வழித்தடத்திலேயே கிடையாது. வெங்காயக் காட்டின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் இருப்பவளை வம்புக்கு இழுப்பாள். அவள் காதோடு காதாகச் சொல்கிற ரகசியமே நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் இருபது வருஷத்துக்குப் பக்கமாகக் காப்பாற்றி வந்தாள். அவள் எங்கே காப்பாற்றினாள், ஊரே சேர்ந்தல்லவா காப்பாற்றியது!

சங்கதி இதுதான். அவள் மகள் பிரவீணாவுக்கு அப்போது நாலு வயது. ஊரில் துணை சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் இருந்தது. கதவு இருந்தது, கதவில் பூட்டும் இருந்தது. நர்ஸம்மா மட்டும் இல்லை. வராண்டாவில் யாரோ ஆடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு ஆண்டாயிக்கு இடுப்பு வலி எடுத்தது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். வண்டி கிடைப்பதற்குள் ரோட்டோரத்திலேயே குழந்தை பிறந்தது, பிழைக்கவில்லை.

ஆண்டாயி உடம்பு தேறி எழுந்த அன்று, அனுசுயா தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். கூலிக்குப் போகிற தெருவின் பெண்களெல்லாம் அதே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் நடுரோட்டில் போட்டார்கள். ஆண்டாயியை அதன்மேல் உட்கார வைத்துச் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது, போலீஸ் வந்தது. “நர்ஸு வந்தா எந்திரிக்கிறோம்” என்றார்கள். நர்ஸுக்குப் பதில் வேன் வந்தது. ஜாமீன் கொடுக்க ஆள் இருந்தும், “பூட்டைத் தொறக்கட்டும், அப்புறம் வர்றோம்” என்று மறுத்துவிட்டார்கள். பதினைந்து நாள் ரிமாண்ட், பெண்கள் ஜெயில்.

அவர்கள் வெளியே வந்தபோது பூட்டு திறந்திருந்தது. உள்ளே ஒரு நர்ஸம்மா பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸும் பிறகு தள்ளுபடியாகிவிட்டது. ஊரே தப்பு மேளம் அடித்து, மாலை போட்டு அவர்களைத் தெருவுக்குள் கூட்டிப் போனது. அதோடு எல்லாம் சரியாகப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஆண்டாயியின் மூத்த மகளுக்கு நல்ல இடமாக ஒரு சம்மந்தம் வந்தது. “ஜெயிலுக்குப் போனவ வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்” என்று வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பெண் அழுத அழுகையைத் தெருவே கேட்டது. அன்றோடு ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. பெண்களைக் கரையேற்றும் வரை ஜெயில் என்ற பேச்சையே ஒருத்தரும் எடுக்கக் கூடாது, பிள்ளைகளிடம்கூட மூச்சு விடக் கூடாது.

எவ்வளவு கெட்டிக்கார ஊர் பாருங்கள்! எதைச் சொல்லக் கூடாது என்று கூடிப் பேசி முடிவு பண்ணினார்கள். யாராவது கேட்டால் அதற்குப் பதில் எதைச் சொல்வது என்று மட்டும் ஒருத்தரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

பிரவீணா வளர்ந்தாள், படித்தாள், அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியன் ஆனாள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். யார் கையைக் கண்டாலும் ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பாடாலூரிலிருந்து சம்மந்தம் வந்தது. பையன் கலைச்செல்வன், ஹைவே ஓரமாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தான். அப்பா இல்லை. அம்மா மலர்கொடி பெண்ணைப் பார்த்து, பேசி, தலையில் பூ வைத்துவிட்டுப் போனாள். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று. பையனும் பெண்ணும் போனில் பேச ஆரம்பித்தார்கள். பேச ஆரம்பித்தார்கள் என்றால், சார்ஜர் வயரைக் கழற்றாமலே பேசினார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து சசிகலா என்ற பெண் லேப்டாப்போடு வந்து இறங்கினாள். “ரொம்பச் சத்தமாப் பேசுவாங்களாம், அனுசுயான்னு” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டரே வீட்டைக் காட்டிவிட்டார்.

அவள் ஒரு ஒலிக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். ஜெயிலில் இருப்பவர்களின் உடம்புக்கு என்ன ஆகிறது, கூலிக்காரத் தெருக்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படி அல்லாடுகின்றன, இவர்களுக்கு என்ன நியாயம் கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று அந்தக் காலத்தில் பதிந்த பேச்சுகளையெல்லாம் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிச் சேர்த்து வைக்கிறார்கள். அனுசுயா உள்ளே இருந்தபோது ஒரு லேடி டாக்டரும் ஒரு வக்கீலம்மாவும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்துக் கைதிப் பெண்களைப் பேச விட்டிருந்தார்கள். அந்தக் கேசட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. பேசியவர் சம்மதித்தால்தான் வெளியே விடுவார்கள்.

“கேக்குறீங்களாம்மா?” என்று சசிகலா லேப்டாப்பைத் திறந்தாள்.

முதலில் கரகரவென்று சத்தம், பிறகு ஒரு குரல். “நான் அனுசுயாங்க. குன்னம் பக்கம், நல்லாங்குடிக்காடு.”

அனுசுயா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆத்தாடி! இது நானா? அப்பவே இந்தக் கத்தா கத்திருக்கேன்!”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சசிகலா இன்னொன்றையும் போட்டுக் காட்டினாள். அதில் ஒரு பெண் தெரியாத பாஷையில் படபடவென்று பேசினாள்.

“இது அமெரிக்காவுல ஒரு ஜெயில்லம்மா. மெக்ஸிகோ பக்கமிருந்து போயி அங்க காட்டு வேலை பாக்குற ஜனங்க. அவங்க பேச்சையும் இதே மாதிரி பதிஞ்சு வெச்சிருக்காங்க. எங்க காப்பகத்துல உங்க குரலும் அவங்க குரலும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்.”

அனுசுயா காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். “பேச்சு புரியல கண்ணு. ஆனா இவளும் ஏதோ இல்லாததக் கேட்டுத்தான் சண்டை போடுறா.”

“ஆமாம்மா. உள்ள டாக்டர் வேணும்னு கேக்குறாங்க.”

“குடுத்தாங்களா?”

“கடைசில குடுத்தாங்க.”

“அப்பாடா!” என்று அனுசுயா மூச்சு விட்டாள். கடல் தாண்டி இருக்கிற அந்த ஊர் பேர் தெரியாத பெண்ணுக்காக அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அனுசுயா பதறிப்போய்ப் பக்கத்தில் கிடந்த முறத்தை எடுத்து லேப்டாப்பின் மேல் கவிழ்த்தாள். முறத்துக்கடியிலிருந்து அந்தத் தெரியாத பாஷைக் குரல் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது. சசிகலா கையை விட்டு நிறுத்தினாள். வந்தது வேறு யாருமில்லை, அனுசுயாவின் கணவர் பெரியசாமிதான். ஆனாலும் அனுசுயாவுக்குப் படபடப்பு அடங்கவில்லை.

“வேண்டாம் பாப்பா. இப்ப வேண்டாம். எம்பொண்ணு கல்யாணம் முடியட்டும். அவ கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் நானே மைக்கு பிடிச்சுச் சொல்றேன்.”

சசிகலா வற்புறுத்தவில்லை. நல்ல பெண், சாப்பிட்டுவிட்டு, போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூ வைத்த பிறகும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு ஆள் சத்தம் போடாமல் பெண்ணின் ஊருக்கு வருவார். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் முகம் காட்டாத ஆளாக இருக்க வேண்டும். டீக்கடையில் உட்காருவார், விலை கேட்கிற மாதிரி கேட்பார், வாயைப் பிடுங்குவார், போய்ச் சொல்லுவார். அந்த வேலைக்கு மலர்கொடி தன் தம்பி ராஜராஜனை அனுப்பினாள். அவன் வெங்காய வியாபாரியாக வேஷம் கட்டிக்கொண்டு வந்தான்.

முதலில் டீக்கடை அங்கமுத்து. அவர் அனுசுயாவைத் தூக்கி வைத்துப் புகழ்ந்தார். புகழ்ச்சி தலைக்கேறி, “அந்தம்மா ஊர்ல இல்லாத அந்தப் பதினஞ்சு நாளும் இந்தத் தெருவே வெளிச்சமில்லாமக் கெடந்துச்சுங்க” என்று விட்டுவிட்டார்.

“பதினஞ்சு நாளு எங்க போயிருந்தாங்க?” என்றான் ராஜராஜன்.

அங்கமுத்துவுக்கு டீ ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. “அது... சமயபுரத்துக்கு நடந்து போயிருந்தாங்க.”

“சமயபுரத்துக்கா? இங்கிருந்து நானே ரெண்டு நாள்ல நடந்துருவேனே?”

“மெதுவா நடந்தாங்க” என்றார் அங்கமுத்து.

அடுத்து ஆண்டாயி. அவள் வாசலில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். சரக்கைப் பார்க்கிற மாதிரி குனிந்து, ராஜராஜன் அதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டான். ஆண்டாயி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அதுவா? கர்ப்பப்பை ஆபரேஷன். பெரிய ஆபரேஷன். பொழச்சதே பெருசு” என்று அடித்துவிட்டாள். போதாக்குறைக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாக வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற பட்டறைக்குப் பக்கத்தில் பெரியசாமியே மாட்டினார். அனுசுயாவின் சொந்தப் புருஷன்! வியாபாரி எதற்காகத் தன் பொண்டாட்டியைப் பற்றி விசாரிக்கிறான் என்று அந்த மனுஷனுக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. “திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தா. ஒத்துக்கல, வந்துட்டா” என்றார்.

ராஜராஜன் தலை கிறுகிறுக்க பாடாலூர் போய்ச் சேர்ந்தான். மலர்கொடி கேட்டாள், யோசித்தாள். நடந்து போனவளுக்கு ஆபரேஷன் ஏன்? ஆபரேஷன் ஆனவள் பனியன் கம்பெனிக்கு ஏன் போனாள்? ஒரு ஊரே சேர்ந்து மறைக்கிறது என்றால், சொல்ல முடியாத வியாதி ஏதோ அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. அது பெண்ணுக்கும் வரும், நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும். இப்படி அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். “நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாங்க” என்று போன் வந்தது. தள்ளி வைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியாதா?

வெங்காயம் கேட்டு வந்தவன் மாப்பிள்ளையின் மாமன் என்பது கலைச்செல்வன் மூலமாக வெளியே வந்தது. மறுநாள் தெருப் பெண்கள் ஆண்டாயி வீட்டு வாசலில் கூடினார்கள். பெரியசாமியையும் அங்கமுத்துவையும் இழுத்து வந்து நிறுத்தினார்கள். யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று தெரிய வந்தது.

“ஏண்டி, எனக்கு எப்படி கர்ப்பப்பையை எடுத்தே?” என்று அனுசுயா கத்தினாள்.

“நான் என்னத்தக் கண்டேன்? எனக்கு ஞாபகம் வந்தது அதுதான். நீ சமயபுரம் போனேன்னு இவரு சொல்லுவாருன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?” என்றாள் ஆண்டாயி.

அங்கமுத்து பெரியசாமியைப் பார்த்தார். “நான் சாமி பேரச் சொன்னேன், கௌரவமா. நீ என்னய்யா பனியன் கம்பெனிங்குற?”

பெரியசாமி தலையைச் சொறிந்தார். “அவன் பனியன் போட்டிருந்தான். வாயில அதான் வந்துச்சு.”

அனுசுயாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டுக்குள் பிரவீணா சுருண்டு படுத்திருப்பது ஞாபகம் வந்ததும் இரண்டும் அடங்கிவிட்டன. அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

பிரவீணாவின் கண் சிவந்திருந்தது. கலைச்செல்வன் போனில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லியிருந்தான். அம்மாவைக் கண்டதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். “அம்மா, கையை நீட்டு.”

“எதுக்குடி?”

“ரத்தம் எடுக்கறேன். சுகர், கிட்னி, லிவர், எல்லாத்தையும் பாத்து ரிப்போர்ட்டை அவங்க கையில குடுத்துடலாம். உனக்கு என்னதாம்மா வியாதி? எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா? நான் பாத்துக்க மாட்டேனா?”

உனக்கு என்ன ஆனாலும் நான் பார்த்துக்கொள்வேன் என்று பெற்ற பெண் அழுதுகொண்டு சொன்னால் எந்தத் தாய்க்குத் தாங்கும்? அனுசுயா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரு வியாதியும் இல்லடி. நான் ஜெயில்ல இருந்தேன்.”

பிரவீணா திறந்த வாய் மூடாமல் பார்த்தாள். “நீ அம்மாயி வூட்டுக்குப் போயிருந்தேன்னுல்ல அப்பா சொன்னாரு!”

“உங்கப்பா அதையும் சொல்லிருக்காரா?” என்று அனுசுயா தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டில், ரோடு, வேன், பூட்டு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தினம் தான் பஸ் ஏறுகிற ரோட்டிலா இதெல்லாம் நடந்தது என்று பிரவீணாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு கோபமாகக் கேட்டாள். “இதைப் போயா மறைச்சீங்க? இதுல மறைக்க என்ன இருக்கு?”

அனுசுயாவுக்கு நெஞ்சிலிருந்த கல் பாதி இறங்கிற்று. மீதிக் கல் பாடாலூரில் இருந்தது. அவள் சசிகலாவுக்குப் போன் போட்டாள். “கண்ணு, அந்தக் கேசட்டை எம்பொண்ணு போனுக்கு அனுப்பு. நீயும் வெளிய வுடு. ஊரு உலகம் கேட்டுக்கட்டும். சம்மந்தம் நின்னா பொய் சொல்லி நிக்க வேண்டாம், உண்மையச் சொல்லியே நிக்கட்டும்.”

தனியாகப் போகலாம் என்று நினைத்தவளைத் தெரு விட்டால்தானே? “நாங்களுந்தானே உள்ள இருந்தோம்?” என்று பெண்கள் கிளம்பிவிட்டார்கள். வெங்காய மூட்டை ஏற்றுகிற சின்ன லோடு வண்டியைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள். பிரவீணாவும் ஏறினாள். பெரியசாமியை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் என்ன வருமோ!

வழி நெடுக அனுசுயாவுக்கு ஒரே பயம். சசிகலா அன்றைக்குப் போட்டுக் காட்டியது ஆரம்பத்தை மட்டும்தான். மீதியில் என்னென்ன உளறி வைத்திருக்கிறோமோ, யாரை என்ன திட்டியிருக்கிறோமோ என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. வண்டிச் சத்தத்தில் போனில் கேட்கவும் முடியவில்லை. “எதையாவது கெட்ட வார்த்தை பேசியிருந்தா என்னடி பண்றது?” என்று ஆண்டாயியின் கையைப் பிடித்தாள். “பேசிருப்ப. நீ பேசாம இருந்ததில்லையே” என்று ஆண்டாயி ஆறுதல் சொன்னாள்.

பாடாலூரில் ஒரு வண்டி நிறையப் பெண்கள் வந்து இறங்கியதும் தெரு திரும்பிப் பார்த்தது. மலர்கொடிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருந்தாலும் வாங்க என்று கூப்பிட்டுப் பாயை விரித்தாள். ராஜராஜன் ஒரு மூலையில் நின்றான். “இவன்தான் வெங்காய வியாபாரி!” என்று ஆண்டாயி விரலை நீட்டினாள். அவன் இன்னும் கொஞ்சம் மூலைக்குள் நகர்ந்தான்.

அனுசுயா சுற்றி வளைக்கவில்லை. “அக்கா, எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. நான் பதினஞ்சு நாளு ஜெயில்ல இருந்தேன். இவங்களும் இருந்தாங்க. எதுக்குன்னு நான் இப்ப சொன்னா, சம்மந்தத்துக்காகச் சொல்றேன்னு உங்களுக்குத் தோணும். அன்னைக்கு உள்ள இருக்கும்போதே பேசினது இருக்கு. அதைக் கேளுங்க. கேட்டுட்டு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நாங்க போயிட்டு வரோம்.”

ஜெயில் என்றதும் மலர்கொடி சடாரென்று எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் மூடினாள். “மெதுவா வைங்க. அக்கம்பக்கம் கேக்கப் போகுது.”

போனில் சத்தம் பற்றவில்லை. கலைச்செல்வன் தன் கடையில் பாட்டுக் கேட்க வைத்திருந்த ஸ்பீக்கரை எடுத்து வந்து, பிரவீணா முகத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இணைத்தான். கரகரவென்று சத்தம் கிளம்பி, இளவயது அனுசுயா பேச ஆரம்பித்தாள்.

“இங்க வந்த மூணாம் நாளே எங்க எல்லாருக்கும் சொறி புடிச்சுக்கிச்சுங்க. ஏன்னு பாத்தா போர்வை அப்படி. ஒருத்தி போத்துனதையே இன்னொருத்தி போத்தணும். தொவைக்கறதுக்குத் தண்ணி இல்ல. நாங்க பெரிய அதிகாரியம்மாகிட்டச் சொன்னோம். அம்மா, நாங்க தப்பு பண்ணிருந்தா ஜட்ஜய்யா தண்டனை குடுப்பாரு, ஏத்துக்கறோம். ஆனா அவரு எழுதுன உத்தரவுல சொறி இல்லீங்களேம்மா!”

டேப்புக்குள் பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். அதே பெண்கள் இங்கே பாயில் உட்கார்ந்து, தலை நரைத்து, அதே சிரிப்பைச் சிரித்தார்கள். மலர்கொடி உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஆனால் ராஜராஜன் மூலையில் குலுங்கினான்.

“தட்டத் தூக்கிக்கிட்டு முத்தத்துல உக்காந்துட்டோம், உள்ள போக மாட்டோம்னு. அந்தம்மா மொதல்ல கோவப்பட்டாங்க. அப்புறம் என்ன நெனச்சாங்களோ, பெரிய அண்டாவுல வேப்பிலை போட்டுக் காய்ச்சச் சொல்லி, போர்வையெல்லாம் வேக வெச்சாங்க. அவங்களே பக்கத்துல நின்னாங்க. நல்ல மனசுங்க. ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு இங்க, எட்டு மாசம். அதுக்கு சத்து மாத்திரை வரலைன்னோம். இப்ப டாக்டரம்மா வந்து பாக்குறாங்க.”

அப்போது வேறொரு குரல் கேட்டது, அது வக்கீலம்மாவாக இருக்க வேண்டும். “உங்களுக்கு ஜாமீன் கிடைக்கும்னாங்களே, ஏன் போகல? வீட்டுல குழந்தை இல்லையா?”

அனுசுயாவுக்கு இந்தக் கேள்வி ஞாபகமே இல்லை. என்ன பதில் சொல்லி வைத்தோமோ என்று முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். பிறகு அவள் குரல் வந்தது. கத்துகிற குரல் இல்லை, அவளே கேட்டறியாத ஒரு சின்னக் குரல்.

“இருக்குங்க. பிரவீணான்னு பேரு, நாலு வயசு. நெனச்சா வவுறு பத்திக்கிட்டு எரியுது. இந்நேரம் சாப்புட்டுச்சோ என்னமோ. ஆனா அவளுக்காவத்தாங்க நான் போகல. ஆண்டாயி புள்ளைய ரோட்டுல பாத்தேன். இந்தக் கையிலதான் வாங்குனேன், சூடு ஆறிப்போச்சு. நாளைக்கு எம்பொண்ணு வளந்து, ஒருத்தன் வூட்டுக்கு வாழப் போயி, புள்ள பெத்துக்கப் பொறந்த வூட்டுக்கு வருவால்ல? அப்ப அவளக் கட்டில்ல வெச்சு யாரும் ரோட்டுக்குத் தூக்கிக்கிட்டு ஓடக் கூடாது. அந்தப் புள்ள நர்ஸு கையில பொறக்கணும். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்.”

ஆண்டாயி அனுசுயாவின் தோளில் சாய்ந்தாள். பிரவீணா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குத் தான் சாப்பிட்டோமா என்று அவளுக்கு நினைவில்லை, ஆனால் இருபது வருஷம் கழித்து அதற்காக இப்போது அழுதாள். டேப் முடிந்து ஸ்பீக்கர் சும்மா இரைந்தது.

மலர்கொடி அசையவில்லை. சரி, கிளம்ப வேண்டியதுதான் என்று அனுசுயா ஒரு கையை ஊன்றி எழப் போனாள்.

“அந்தப் பொறக்கப் போற புள்ளைன்னு சொன்னீங்களே” என்றாள் மலர்கொடி. “அது எம் பேரப்புள்ளையில்ல?”

அவள் பாயில் இருந்த பெண்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

“எம்பேரப்புள்ளைக்காவ நீங்க ஜெயில்ல இருந்திருக்கீங்க. நான் இங்க ஒக்காந்துக்கிட்டு, அதுக்கு வியாதி வருமோன்னு கணக்குப் பாத்துக்கிட்டிருக்கேன்.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய்த் தெருக்கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். “டேய் கலை, அந்தப் பொட்டியத் தூக்கியாந்து வாசல்ல வையி. சத்தத்த எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏத்து. மொதல்லேருந்து போடு.”

ஸ்பீக்கர் வாசலுக்குப் போனது. “நான் அனுசுயாங்க” என்று தெருவே அதிரும்படி குரல் கிளம்பியது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பக்கத்து வீட்டுக்காரி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“யாரு மலரு இது, இந்தப் போடு போடுறது?”

“என் சம்மந்தி” என்றாள் மலர்கொடி. “ஜெயில்லேருந்து பேசுறாங்க. வந்து உக்காந்து கேளுங்க.”